செவ்வாய்க்கிழமை புலி சாப்பிடாது

அறுபத்து ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். நான் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி அது என்று வந்த காகிதத்தில் இருந்தது. எனக்கு நகைக் கடன் கிடையாது, மாட்டுக் கடன் கிடையாது, பெண் கல்யாணத்துக்கு வாங்கினதைக்கூட அடைத்துவிட்டேன். இது கறிக் கடன். எருமைக் கறி இருநூற்று நாற்பது கிலோ, அதற்கு வட்டி, வட்டிக்கு மேல் அபராதம். எலும்புக்கு மட்டும் கழிவு கொடுத்திருந்தார்கள். அந்த மட்டுக்கும் நியாயஸ்தர்கள்.

நான் நரிக்குன்று உயிரினப் பூங்காவில் ஹெட் கீப்பர். பேர் துலுக்காணம். சென்னை ரோட்டில் வடமாலபேட்டையைத் தாண்டி மலையைப் பார்த்துத் திரும்பினால் எங்கள் பூங்கா. எனக்குக் கீழே எட்டுப் பேர். மானுக்குப் புல் போடுகிறவர், முதலைக் குட்டையைக் கழுவுகிறவர், குரங்குக்குப் பழம் நறுக்குகிறவர் என்று ஆளுக்கு ஒரு வேலை. யார் லீவு போட்டாலும் அந்த வேலை எனக்கு. எல்லோரும் என்னை மேஸ்திரி என்பார்கள். நான் முதன்முதலில் அங்கே போனது கரடிக்குப் பள்ளம் தோண்ட. பள்ளம் முடிந்தது, கரடி வந்தது, கரடியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் வரவில்லை. நான் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

கடன் வந்த கதையைச் சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு புலி இருக்கிறது. சூரி என்று பேர். நாளைக்குப் பத்துக் கிலோ கறி. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. காட்டுப் புலிக்குத் தினமும் இரை கிடைக்காதாம், அதனால் கூண்டுப் புலிக்கும் ஒரு நாள் கிடைக்கக் கூடாது என்று டில்லியில் விதி எழுதியிருக்கிறார்கள். எங்கள் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆகவே சூரிக்கும் செவ்வாய்க்கிழமை பட்டினி.

புரட்டாசியில் மட்டும் வேறு. புரட்டாசி சனிக்கிழமை சென்னைப் பக்கத்திலிருந்து மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, கோவிந்தா சொல்லிக்கொண்டு நடந்தே திருப்பதிக்குப் போகிறவர்கள் எங்கள் கேட் வழியாகத்தான் போவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு வருஷம் கறி வேன் மாட்டிக்கொண்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முன்னாலும் பஜனை, பின்னாலும் பஜனை. வேன் பஜனை வேகத்திலேயே வந்தது. பொழுது சாய வந்து சேர்ந்த கறியைச் சூரி ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான்.

அப்போது இருந்த பெரிய சார் என்னைக் கூப்பிட்டு, "புரட்டாசி மட்டும் சனிக்கிழமை பட்டினி போட்டுடு. செவ்வாக்கிழமை கறி போடு. வாரத்துக்கு ஒண்ணு, கணக்கு சரியாப் போச்சா?" என்றார்.

"எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றேன்.

"பெருமாள் சமாச்சாரம். இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த வருஷம் பதவி உயர்வில் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆறு புரட்டாசி அப்படியே நடந்தது.

இந்த வருஷம் ஆடி மாதம் தணிக்கை வந்தது. செவ்வாய்க்கிழமை புலி சாப்பிடாது என்பது விதி. புரட்டாசிச் செவ்வாய்க்கிழமைகளில் கறி வந்திருக்கிறது. வந்த கறியை வாங்கிக்கொண்டது துலுக்காணம். புலி சாப்பிடாத கறியை யார் சாப்பிட்டது?

இதுதான் அவர்கள் கேட்டது. பதிலையும் அவர்களே எழுதிவிட்டு, கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

*

எங்கள் க்யூரேட்டர், அதாவது இப்போதைய பெரிய சார், மதுசூதன ராஜு. தெலுங்கு கலந்து பேசுவார். நல்ல மனிதர். யாரையும் திட்டமாட்டார், யாருக்கும் எதுவும் செய்யவும் மாட்டார். அவர் மேஜையின் மேல் ஒரு சின்னப் பித்தளைப் பெருமாளும், பக்கத்தில் டில்லி விதிப் புத்தகமும் இருக்கும். பேசும்போது இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"ஏமய்யா துலுக்காணம், இன்னா பண்ணி வெச்சிருக்க?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். புலி துன்னுச்சு."

"செவ்வாக்கிழமை புலி துன்னாது. ரூல் உந்தி."

"ரூலு இருக்குது சார். ஆனா துன்னுச்சே."

"சூடு, நல்லா பாரு, ரூல் துன்னாதுன்னு சொல்லுது. நீ துன்னுச்சுன்னு சொல்ற. ரூலுக்கு டில்லில சீல் போட்டிருக்கான். உனக்கு யார் போட்டிருக்கான்?"

"சனிக்கிழமை பட்டினி போட்டோம் சார். உங்களுக்கே தெரியும். நீங்களும் மூணு புரட்டாசி பாத்துட்டீங்க."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"தெரியும். நான் இல்லன்னு சொன்னேனா? ஆனா எழுத முடியாது. புலி சனிக்கிழமை விரதம் இருந்துச்சுன்னு எழுதினா டில்லிக்காரன் சிரிப்பான். புலிக்கு என்னய்யா சனிக்கிழமை விரதம்னு எழுதினா, திருப்பதில என்னை எவன் விடுவான்? பெருமாளுக்கும் டில்லிக்கும் நடுவுல நான் போய் நிக்கணுமா? நீ நில்லு. உனக்கு ரெண்டு மாசம்தான் சர்வீஸ். எனக்கு இன்னும் பதினோரு வருஷம் உந்தி."

அவர் சொன்னது சரிதான். செப்டம்பர் கடைசியில் எனக்கு ரிட்டயர்மெண்ட். பூங்கா குவார்ட்டர்ஸை அன்றே காலி செய்ய வேண்டும். வடமாலபேட்டையில் இரண்டு அறை வீடு ஒன்று பேசி முடித்திருந்தேன். நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் எத்திராஜினுடையது. சேர்த்து வைத்த பணம் முழுவதையும் அட்வான்ஸாகக் கொடுத்தாயிற்று. புரட்டாசி முடிவதற்குள் கிராஜுவிட்டி பணம் வந்தால் மீதியைக் கொடுத்து வீட்டை எழுதிக்கொள்ளலாம். வராவிட்டால் அட்வான்ஸும் போச்சு, வீடும் போச்சு. பாக்கி ஏதும் இல்லை என்ற காகிதம் இல்லாமல் கிராஜுவிட்டி வராது. என் சம்சாரம் அந்த வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அப்ப நானே கட்டிடறேன் சார். கிராஜுவிட்டில புடிச்சிக்கோங்க" என்றேன்.

ராஜு சார் பயந்துபோனார்.

"கட்டாத! கட்டினா நீ துன்னதா ஒத்துக்கிட்ட மாதிரி. அரசாங்கப் புலியோட கறிய துன்னவனுக்கு கேஸ் போடணும். கேஸ் போட்டா கிராஜுவிட்டி மொத்தமும் நிக்கும்."

"கட்டலன்னா?"

"பாக்கி. பாக்கி இருந்தாலும் நிக்கும்."

"அப்ப நான் இன்னாதான் சார் பண்றது?"

அவர் பெருமாளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். "சித்தூர் போ" என்றார்.

*

சித்தூர் தணிக்கை ஆபீசில் சக்ரபாணி சார் இருந்தார். திருப்பதிக்காரர், நாமம் போட்டவர், மெலிந்த தேகம். கறி என்ற வார்த்தையைச் சொல்லமாட்டார். கர்ச்சீப்பை மூக்கருகே வைத்துக்கொண்டு, அந்த வஸ்து என்பார். ஃபைலைக்கூட ஒரு விரலால்தான் திருப்பினார்.

"உக்காருங்கோ. பயப்படாதீங்கோ. நான் யாரையும் சந்தேகப்படறதில்லை. எல்லாரையும் சந்தேகப்படறதுதான் என் உத்தியோகம். அதனால யாரையும் தனியா சந்தேகப்படறதில்லை."

எனக்கு அது ஆறுதலாக இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. உட்கார்ந்தேன்.

"செவ்வாக்கிழமை அந்த வஸ்துவை புலி சாப்ட்டுதுன்னு சொல்றேள். யார் பாத்தா?"

"கன்னையா பாத்தான் சார். புலிக் கூண்டு அவனோடது. நான் பாத்தேன்."

"கன்னையா உங்களுக்குக் கீழ வேலை பாக்கறவர். அவர் உங்க பக்கம்தான் சொல்லுவார். வெளி மனுஷா யாராவது பாத்தாளா?"

"செவ்வாக்கிழமை லீவு சார். வெளி ஆளு வரமாட்டாங்க."

"பாருங்கோ! யாரும் பாக்காத நாளாப் பாத்து புலி சாப்ட்டிருக்கு." ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டார். "ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ. தனி மனுஷரால ஆகாது. எனக்கும் அந்த இடத்துல ஒரு சின்ன சந்தேகம் இருந்தது. ஆனா நீங்க ஒரு குழுவுக்குத் தலைவர். ஒன்பது பேர். வகுத்துப் பாத்தா ஒரு ஆளுக்கு ஒரு கிலோ சொச்சம். முடியும்தானே?"

ஹெட் கீப்பர் என்று எனக்குப் பட்டம் கொடுத்தபோது மாலை போட்டார்கள். அந்த மாலைக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று தெரிந்திருந்தால் கரடிப் பள்ளத்திலேயே இருந்திருப்பேன்.

"இன்னொண்ணு" என்றார். "ஆறு புரட்டாசியில முதல் மூணு சித்தூர் ஜில்லாவுல நடந்தது. அப்பறம் ஜில்லாவைப் பிரிச்சா. பின்னாடி மூணு திருப்பதி ஜில்லா. பாதி பாக்கிக்குத்தான் நான் பதில் சொல்ல முடியும். மீதிக்கு நீங்க திருப்பதி ஆபீசுக்குப் போகணும்."

"புலி அதே கூண்டுலதான் சார் இருந்துச்சு."

"கூண்டு அதேதான். ஜில்லா வேற. புலி ஏன் மாறிப் போச்சுன்னு அங்க கேப்பா. யோசிச்சு வெச்சுக்கோங்கோ."

திருப்பதி ஆபீசில், சித்தூர் பாதி முடிந்தால்தான் எங்கள் பாதியைத் தொடுவோம் என்றார்கள். சித்தூரில் திருப்பதி தொட்டால்தான் முடிப்போம் என்றார்கள். நான் இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். எந்த ஜில்லாவில் யோசிக்கிறேன் என்பதுதான் தெரியவில்லை.

*

கடைசியில் நேரில் பரிசோதனை செய்வது என்று முடிவானது. ராஜு சார், சக்ரபாணி சார், எங்கள் மாட்டு டாக்டர், மூன்று பேர் கொண்ட குழு. ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. சூரியின் கூண்டுக்கு எதிரே ஷாமியானா போட்டார்கள், குஷன் நாற்காலி போட்டார்கள், ஃபேன் வைத்தார்கள்.

எனக்குச் சந்தோஷம். இன்றைக்கு எல்லோர் முன்னாலும் சூரி சாப்பிடுவான், என் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். கன்னையா கூண்டைக் கழுவி, வாளியைத் துலக்கி வைத்தான்.

"கறி எப்ப சார் வரும்?" என்று கேட்டான்.

சக்ரபாணி சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "செவ்வாக்கிழமை அந்த வஸ்துவைப் போடறது ரூலுக்கு விரோதம். ரூலை மீறிண்டு ரூலைச் சோதிக்க முடியுமோ?"

"அப்ப எத்த சார் துன்னும்?"

"அதைத்தானே பாக்கப் போறோம். சாப்பிடறதா, சாப்பிடலையான்னு."

நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள். மோர் வந்தது. மத்தியானம் திருப்பதியிலிருந்து இலைச் சாப்பாடு வந்தது, இரண்டு பாயசத்தோடு. அந்தக் கூண்டின் முன்னால் அன்றைக்குச் சாப்பிட்டது குழு மட்டும்தான். சூரி கம்பியோரம் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கவளத்தையும் இலையிலிருந்து வாய்வரை கண்ணாலேயே கொண்டுபோய் விட்டான். டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பொழுது போகும் நேரத்தில் ராஜு சார் எழுந்து நின்று சொற்பொழிவு மாதிரிப் பேசினார். கேட்க நாங்கள் ஒன்பது பேர், ஒரு புலி.

"மனுஷன் பொய் சொல்லுவான். மிருகம் பொய் சொல்லாது. இன்னிக்கி ஃபுல் டே பாத்தோம். செவ்வாக்கிழமை சூரி ஒரு பருக்கைகூட துன்னல. நம்ம டிபார்ட்மெண்டோட ரூல மிருகம்கூட மதிக்குதுன்னா, அதுக்கு மேல நமக்கு என்ன பெரும வேணும்?"

டாக்டர் கை தட்டினார். புலி செவ்வாய்க்கிழமை சாப்பிடுவதில்லை என்று நேரில் கண்டு உறுதி செய்யப்பட்டதாக எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சமையல் கொட்டகையில் மிருகங்களுக்குக் களி கிண்டுகிற ரத்னம்மா, துடுப்பைக் கையில் பிடித்தபடியே வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாண்ணா இது? இலை போடாம ஒக்கார வெச்சிட்டு, இந்தாளு துன்னவே இல்லன்னு எழுதிக்கினு போறானுங்க?" என்றாள்.

"மெதுவா பேசும்மா. கேட்டா உன்னையும் ஒம்போதுல ஒரு பங்குன்னு சேத்துருவாங்க."

"சேத்தாச்சுண்ணா. காலைலயே என் பேர கேட்டுக்கினு போனாரு."

*

அதற்கப்புறம் எங்களுக்குள் ஒருவரை ஒருவர் நேராகப் பார்ப்பது குறைந்தது.

கேட்டில் காவல் நிற்கிற முனுசாமிக்குப் புது வேலை கொடுத்தார்கள். வருகிறவர், போகிறவர் டிபன் பாக்ஸை முகர்ந்து பார்க்க வேண்டும். முனுசாமியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் டப்பாவுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு, "தப்பா நெனைக்காத மேஸ்திரி. மேலேர்ந்து மோந்து பாக்கச் சொல்லிக்கினு இருக்காங்க" என்றான்.

"இன்னா வாசன வருது?"

"கருவாடு."

"அப்ப எழுதிக்கோ."

எழுதினான்: கருவாடு, புலிக்கு வழங்கப்படாதது.

யாரோ போட்டுக்கொடுத்ததால்தான் தணிக்கை வந்தது என்று கன்னையா சொல்ல ஆரம்பித்தான். சொல்லும்போது என்னைப் பார்த்தான். கன்னையாதான் போட்டுக்கொடுத்திருப்பான் என்று எனக்கும் ஒரு நினைப்பு. ரத்னம்மாவுக்கு எங்கள் இரண்டு பேர் மேலும். முதலைக் குட்டை குணா நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தால், இவனுக்கு ஏது காசு என்று தோன்றியது. டீ குடிக்க ஒன்றாகப் போகிறவர்கள் தனித்தனியாகப் போனோம். ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்தோம். ஆறு வருஷத்தில் யாருக்குத் தொந்தி ஏறியிருக்கிறது என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். கன்னையாவுக்கு ஏறியிருந்தது. எனக்கும்தான்.

ஒருநாள் கரடிக்கு வெல்லம் வைத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆறு வருஷம் முன்னால், புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் என்ன சாப்பிட்டேன்? யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. ஞாபகமே இல்லாதவன் எப்படி அடித்துச் சொல்வது? பெரிய ஆபீசர்கள் மூன்று பேர் கூண்டுக்கு எதிரே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்களே.

வழி சொன்னது ரத்னம்மாதான்.

"அண்ணா, புரட்டாசில நம்மள்ல யாருண்ணா கவுச்சி தொடறோம்? கருவாட்டு சட்டியகூட பரண் மேல ஏத்திடறோம். புலிக்கு கறி அறுக்கறதுக்கே குளிச்சிட்டு, அறுத்துட்டு, மறுபடி குளிக்கறோம். அந்த மாசம் போயி நாம எருமக்கறி துன்னுவமா?"

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒன்பது பேரும் அதை எழுதி, பெருமாள் மேல் சத்தியம் வைத்துக் கையெழுத்துப் போட்டோம். அன்றைக்கு எல்லோரும் ஒன்றாகப் போய் டீ குடித்தோம். கன்னையாதான் காசு கொடுத்தான்.

சக்ரபாணி சார் அதைப் படித்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம். இதை நான் முழுசா நம்பறேன். பெருமாள் பேரைச் சொல்லி நம்ம ஊர்ல யாரும் பொய் சொல்லமாட்டா."

"அப்ப பாக்கி இல்லைங்களா சார்?"

"இருங்கோ. ஒன்பது பேரும் சாப்பிடலை. புலியும் சாப்பிடலை, அதை நாங்களே நேர்ல பாத்தாச்சு. ஆனா அந்த வஸ்து வந்திருக்கு, அதுக்குப் பணமும் குடுத்திருக்கு. யாருமே சாப்பிடலைன்னா, அது பாக்கி கையிருப்பு. இருநூத்தி நாப்பது கிலோ. கொண்டு வந்து ஒப்படைச்சிடுங்கோ. உங்க பேர்ல ஒரு குத்தமும் இல்லை."

"ஆறு வருஷக் கறிய எங்க சார் கொண்டாறது?"

"அது எனக்குத் தெரியாது. தயவுசெஞ்சு இந்த ஆபீசுக்குக் கொண்டு வராதீங்கோ."

*

புரட்டாசி பிறந்தது. எத்திராஜ் போன் செய்தார்.

"இன்னாப்பா துலுக்காணம், புலிப் பணத்த நீ துன்னுட்டன்னு நகரி வரைக்கும் பேசிக்கினு இருக்காங்க. எனக்கு அதெல்லாம் வாணாம். எனக்கு என் பணம் வந்தா போதும். வேற பார்ட்டி ஒண்ணு வந்து நிக்குது."

"இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்கோ எத்திராஜு. வந்துரும்."

"வராதுன்னு நான் சொன்னனா? வந்தா உனக்கு. வரலன்னா அவங்களுக்கு."

பிறகு ஒருநாள் சக்ரபாணி சாரே பூங்காவுக்கு வந்தார். அவர் முகம் வாடியிருந்தது. இரண்டு ஜில்லாவிலும் முடியாமல் கிடக்கிற ஃபைல் என்று மேலே பட்டியல் போட்டிருக்கிறார்களாம், அதில் முதலில் எங்கள் புலி. அவருடைய பதவி உயர்வும் அதனால் நின்றிருந்தது. முதல் தடவையாக அவரை நான் நம் ஆள் மாதிரிப் பார்த்தேன். அவர் கர்ச்சீப் வைத்துக்கொள்ளவும் மறந்திருந்தார்.

அந்த நேரத்தில் ராஜு சாருக்குப் போன் வந்தது. மலையோரத்தில் ஒரு ஆட்டைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டதாம், ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார்கள். அவர் போனை வைக்கவில்லை, சக்ரபாணி சார் எழுந்துவிட்டார்.

"காட்டு மிருகம் சேதம் பண்ணினா யாரையும் கேக்க முடியாது. முழுத் தள்ளுபடி! ஒரு சிறுத்தை வந்து எடுத்துண்டு போயிருந்தா?"

"ஆறு வருஷமாவா சார்?" என்றேன்.

"ஏன் வரப்படாது? சனிக்கிழமை ரோடு முழுக்க ஜனம். பயந்து வராது. செவ்வாக்கிழமை பூங்கா லீவு, ஆள் நடமாட்டம் இல்லை. வரும். காட்டு மிருகம், நம்ம ரூல் அதுக்குக் கிடையாது, அதனால செவ்வாக்கிழமையும் சாப்பிடும். புரட்டாசியில மலைப் பாதையெல்லாம் கூட்டம், அதனால கீழ இறங்கும். பாருங்கோ, எல்லாம் எவ்வளவு பொருத்தமா இருக்கு! உண்மைன்னா இப்படித்தான் இருக்கணும். நீங்க சொன்னது ஒண்ணாவது இப்படிப் பொருந்தித்தா?"

எனக்குமே நம்பிக்கை வந்துவிட்டது.

கால் தடம் வேண்டும் என்றார்கள். சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஈர மண்ணில் ஒரு தடம் கிடைத்தது. டாக்டர் குனிந்து பார்த்து, நாய் என்றார். எங்களுக்கும் தெரியும், கன்னையா சோறு வைக்கிற நாய். அதுவும் பக்கத்தில் நின்று வாலாட்டியது.

"குட்டிச் சிறுத்தை" என்றார் ராஜு சார்.

"ஆறு வருஷமா வந்துக்கினு இருக்குது, இன்னும் குட்டியாவா சார் இருக்கு?" என்று ரத்னம்மா கேட்டாள்.

"மொதல்ல அம்மா வந்திருக்கும்மா. இப்ப பிள்ளை வருது" என்றார். டாக்டர் நாயைப் பார்த்தார், ராஜு சாரைப் பார்த்தார், குட்டி என்று எழுதினார்.

*

நான் ரிட்டயர் ஆகிற நாள், செப்டம்பர் கடைசி, புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமையாக வந்து விழுந்தது. ராஜு சார் அறையில் மாலை, ஸ்வீட் பாக்ஸ், ஒரு சால்வை. சக்ரபாணி சார் உத்தரவைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு ஜில்லா சீலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் கடைசியாக ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

நான் எதையும் விரல் வைத்துத்தான் படிப்பேன். முதல் பத்தியில், சிறுத்தை சாப்பிட்டது. சரி. இரண்டாவதில், அறுபத்து ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் முழுவதும் தள்ளுபடி, துலுக்காணத்துக்குப் பாக்கி ஏதும் இல்லை. அதை இரண்டு தடவை படித்தேன். கீழே மூன்றாவதாக ஒன்று இருந்தது.

புரட்டாசியில் புலிக்குச் சனிக்கிழமை கறி வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்ததைச் சிறுத்தை எடுத்துவிட்டது. ஆக, ஆறு வருஷமாகப் புரட்டாசியில் வாரத்துக்கு இரண்டு நாள் பட்டினி கிடந்தும் புலி நல்ல நிலையில் இருந்திருப்பது தெரியவருகிறது. ஆகவே செலவைக் குறைக்கும் பொருட்டு, இனிப் புரட்டாசியில் இரண்டு நாளும் பட்டினி. இன்றிலிருந்து அமல்.

"சார், இது வாணாம் சார். அவன் பட்டினி கெடக்கல."

"அது உங்க பாக்கிக்குச் சம்பந்தப்பட்டதில்லை. அதுக்கு அடுத்த பத்தி" என்றார் சக்ரபாணி சார்.

"அத மட்டும் அடிச்சிடுங்க சார். மீதிக்கு கையெழுத்துப் போடறேன்."

"கீழ இருக்கறதை அடிச்சா மேல இருக்கறது நிக்காது. புலி செவ்வாக்கிழமை சாப்ட்டுதுன்னா சிறுத்தை சாப்பிடலை. சிறுத்தை சாப்பிடலைன்னா..." என்று நிறுத்தி, ரொம்ப மரியாதையாக என்னைக் கையால் காட்டினார்.

ராஜு சார் விதிப் புத்தகத்தைத் தடவினார். "நல்லதுதானய்யா. சனிக்கிழமை பெருமாளுக்கு, செவ்வாக்கிழமை டில்லிக்கு. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. இதைத்தான் நான் இத்தன நாளா தேடிக்கிட்டிருந்தேன்."

கன்னையா கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். எத்திராஜிடம் நிற்கிற வேறு பார்ட்டியை நினைத்தேன், வாசலில் வைத்த செடியை நினைத்தேன். பேனா நன்றாக எழுதியது. ராஜு சார் சீலை ஊதிக் குத்தினார், எனக்கு மாலை போட்டார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். கடன் தீர்ந்தது.

சாயங்காலம் கறி போடுகிற நேரத்துக்குக் கால் தானாகப் புலிக் கூண்டுக்குப் போய்விட்டது. புரட்டாசிச் செவ்வாய்க்கிழமை என்று சூரிக்கு எப்படித்தான் தெரியுமோ, வாளி வைக்கிற இடத்தில் வந்து தயாராக நின்றிருந்தான். வாளி இல்லை. கழுத்தில் மாலையும் கையில் ஸ்வீட் பாக்ஸுமாக நான் நின்றேன்.

எத்தனையோ ஆபீசர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டார்கள், எல்லோருக்கும் நான் ஏதாவது ஒரு பதில் வைத்திருந்தேன். சூரி முதலில் என் கையைப் பார்த்தான். அப்புறம் நிதானமாக என் வாயைப் பார்த்தான்.